தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

என் கல்யாணத்துக்குச் சீராகக் கட்டில், பீரோவோடு ஒரு கேம் ஷாஃப்ட் அரைக்கும் மெஷினும் வந்தது. கிருஷ்ணகிரியில் வைத்திருந்த பட்டறையை மூடியபோது என் அப்பா, "இவளுக்குச் சமைக்கத் தெரியாதுங்க, இந்த மெஷின்தான் தெரியும். ரெண்டையும் சேத்தே கூட்டிட்டுப் போயிருங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்லி லாரியில் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை ஹயாத் பாஷாவுக்குப் பாலக்கோட்டில் பைக் இன்ஜின் ஹெட் வேலை செய்யும் பட்டறை. புதுப்பெண்ணைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. இன்ஜினும் மூச்சு விட்டுத்தான் ஓடுகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வழி, புகை வெளியே போக ஒரு வழி. அந்த வழிக்குப் பேர் போர்ட். கம்பெனியிலிருந்து வரும்போது அது மேடும் பள்ளமுமாக, குறுகலான சந்து போல இருக்கும். கிரைண்டரை உள்ளே விட்டு அதை அகலமாக்குவது என் வீட்டுக்காரர் வேலை. சந்தின் முடிவில் கதவு போல நிற்பது வால்வு. அந்தக் கதவை எப்போது திறப்பது, எவ்வளவு தூக்குவது, எவ்வளவு நேரம் திறந்தே வைப்பது என்று முடிவு செய்வது கேம் ஷாஃப்ட். அது என் வேலை. கதவை ஆவென்று திறந்து வைத்துவிட்டுச் சந்து குறுகலாக இருந்தால் கல்யாணக் கூட்டம் சந்திலேயே நெரிந்து நிற்கும். இரண்டும் பொருந்தினால்தான் வண்டி இழுக்கும்.

இப்படிப்பட்ட வேலையைச் செய்கிற நாங்கள் இருவரும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் என் மெஷின் பக்கம் வந்தார். நான் பாதி அரைத்து வைத்திருந்த கேமைத் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் கஞ்சத்தனமா இருக்கே" என்றார். கையிலிருந்த மைக்ரோமீட்டரை டீசல் தட்டில் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். வீட்டில் நாங்கள் உருது பேசுவோம், பட்டறையில் தமிழ். சண்டை எந்த மொழியில் தொடங்கினாலும் இரண்டு மொழியிலும் நடக்கும். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது பட்டறைக்கு நடுவே ஒரு தகரத் தடுப்பு நின்றது. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் ஹெட்டை நான் பார்ப்பதில்லை, என் கேமை அவர் பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது வண்டியில் பூட்டும்போதுதான்.

பேசாமல் எப்படிப் பொருந்தும்? எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும், அவ்வளவுதான். அவர் பேராசைக்காரர். கிரைண்டரைக் கையில் எடுத்தால் போர்ட்டை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறப்பார். அப்படித் திறந்தால் மேல் வேகத்தில் வண்டி பறக்கும், கீழ் வேகத்தில் சோர்ந்துவிடும். அது தெரிந்து நான் கேமைக் கொஞ்சம் அடக்கியே அரைப்பேன், கீழே இழுவை கிடைக்கட்டும் என்று. அவர் பேராசையும் என் கஞ்சத்தனமும் சேர்ந்து ஒரு நல்ல வண்டி வெளியே வரும். ஒகேனக்கல் மலைப்பாதையில் பின்னால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏறுகிற பரிசல்காரப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். எப்போதாவது ஒரு வண்டி இழுக்காமல் திரும்பி வந்தால் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து உடனே குரல் வரும்: "உன் கேம்தான்." நானும் விடமாட்டேன்: "உங்க போர்ட்தாங்க." எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. குறை ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஆஃப்ரின். இருபது வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பட்டறையில் எங்களோடுதான் இருக்கிறாள். காலையில் கூட்டிப் பெருக்கித் திறப்பது அவள், வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்வதும் அவள். மண் பாதையில் அவள் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரேஸ் குழு மாரண்டஹள்ளிக்கு அப்பால் அறுவடை முடிந்த ஒரு நிலத்தில் பெண்களுக்கு மட்டும் போட்டி வைக்கப்போவதாக அவளுக்குத் தகவல் வந்தது. முதல் இரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுப்பார்கள். வயது இருபதைத் தாண்டியிருக்கக் கூடாது. அடுத்த வருஷம் நடந்தால் அவளுக்கு உதவாது. இதை விட்டால் வேறு வழி இல்லை.

அவள் கெட்டிக்காரி. பெருநாள் விருந்தன்று, என் நாத்தனார் அன்ஜும் குடும்பம் முழுவதும் பிரியாணித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அப்பாவிடம் கேட்டாள். அன்ஜும் வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். இவர் கறித்துண்டை வாயில் வைத்தபடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாற்ற மாட்டார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எனக்கும் அதில் பங்கு உண்டு.

பாப்பாரப்பட்டி தீர்த்தகிரியிடமிருந்து ஒரு பழைய நூற்றைம்பது சிசி வண்டி வாங்கினோம். அவர் தக்காளி விவசாயி, எங்கள் பழைய வாடிக்கை. ஹெட் அந்தப் பக்கம் போனது, கேம் இந்தப் பக்கம் வந்தது. மகள் வண்டி என்றால் மனுஷன் போர்ட்டைக் குகை மாதிரி திறந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அதற்கு என் வழக்கமான கஞ்சக் கேம் போட்டால் அவ்வளவும் வீணாகிவிடுமே என்றும் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தாராளமானேன். வால்வை நன்றாக உயரத் தூக்கி, நெடுநேரம் திறந்து வைக்கிற மாதிரி ஒரு கேம் அரைத்தேன். அரைத்து முடித்துத் துடைத்துக் கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மகளுக்கென்று வந்தால் கஞ்சனும் கடை விரிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவர் வந்ததும் வண்டியைப் பூட்டினோம். ஆஃப்ரின் அதை மாரண்டஹள்ளி ரோட்டில் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். அவள் திரும்பி வரும்போதே வண்டிச் சத்தம் சரியில்லை. நின்ற இடத்தில் திக்குத் திக்கென்று திக்கியது. முறுக்கினால் மூச்சு முட்டியது.

"கீழயும் இழுக்கல, மேலயும் போவல அம்மி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நம்ம தீர்த்தகிரி மாமா தக்காளி கிரேட்டைக் கட்டிக்கிட்டு ஓட்டும்போது இதைவிட நல்லா போச்சு."

அவர் குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெட்ரோல் வர்ற ஜெட்டு சின்னது போலிருக்கு. நாளைக்கு தருமபுரி போயி பெருசு வாங்கிட்டு வரேன். சரியாயிடும்" என்றார்.

நான் காத்திருந்தேன். "உன் கேம்தான்" என்று வரும், பதில் கொடுக்கலாம் என்று நாக்கைத் தயாராக வைத்திருந்தேன். வரவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாயங்கால அசர் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் இழுக்காத ஒரு வண்டி நிற்கும்போது என்னைத் திட்டாமல் அவர் எழுந்து போனது இதுதான் முதல் தடவை. ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. திட்டு வாங்காததற்குத் தூக்கம் போன பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலையில் அவர் தருமபுரி பஸ் ஏறினார். ஹெட்டைக் கழற்றினால் புதிதாகப் போட வேண்டிய கேஸ்கெட்டை வாங்கி வர ஆஃப்ரினைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். "ஜெட்டு மாத்தறதுக்குக் கேஸ்கெட் எதுக்கு அம்மி?" என்று கேட்டாள். "வாங்கிட்டு வாடி" என்றேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். திருட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது, அப்படியானால் அதில் பாதி என் பொருள்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஹெட்டைக் கழற்றினேன். போர்ட்டின் வாய் கண்ணாடி போல மின்னியது. முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்பாடா, வேலை செய்துதான் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நிம்மதியானேன். பிறகு வால்வை எடுத்துவிட்டு அடிப்பக்கமாக விரலை விட்டேன்.

வால்வு உட்காரும் வளையத்துக்குக் கீழே கம்பெனி ஹெட்டில் ஒரு சின்னப் படிக்கட்டு போல மேடு இருக்கும். வருகிற காற்று அதில் முட்டித் தடுமாறும். ஹெட் வேலை தெரிந்தவன் முதலில் எடுப்பது அதைத்தான். இவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். என் விரல் நுனியில் அந்த மேடு அப்படியே தட்டியது. அதற்கு உள்ளே கம்பெனி வார்த்த சொரசொரப்பு மாறாமல் இருந்தது. வாயை மட்டும் மெருகேற்றிவிட்டு உள்ளே கிரைண்டரை விடவே இல்லை. என் பெரிய கேம் கதவை உயரத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. சந்து பழைய சந்தாகவே இருக்கிறது. வண்டி எப்படி இழுக்கும்?

அவர் திரும்பி வந்தபோது நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஹெட் என் மடியில் இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாயை மட்டும் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கீங்களே, உள்ள என்னங்க ஆச்சு?" என்றேன்.

ஜெட் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பயமா இருந்துச்சு வஹிதா."

"அன்னிக்கு சரின்னு சொன்னீங்க."

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க, சொல்லிட்டேன். அப்புறம் கிரைண்டரைக் கையில எடுத்தா கை ஓடல. விழுந்த வண்டியெல்லாம் நம்மகிட்டதான வருது. ஃபோர்க் வளைஞ்சு, டேங்கு நசுங்கி. ஒவ்வொண்ணையும் நான்தான நிமுத்தறேன். ஓட்டுனவன் எப்பிடி இருக்கான்னு கேக்கக்கூட எனக்கு வாய் வராது. இதையும் தொறந்து வுட்டு அவளை அதுமேல ஏத்தி அனுப்பணுமா? மெதுவா போற வண்டியில போயி, தோத்துட்டு, பத்திரமா வூடு வந்து சேரட்டும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மீதியை விடவில்லை.

"வாயால சரின்னுட்டுக் கையால வேணாம்னு சொல்லியிருக்கீங்க. அவ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பா. இது என்ன நியாயங்க? அப்புறம், மெதுவா போற வண்டி பத்திரம்னு உங்களுக்கு யாரு சொன்னது? திருப்பத்துல எல்லாரும் ஒண்ணா வருவாங்க. முறுக்கறப்ப வண்டி இழுக்காம திக்கி நின்னா, பின்னால வர்றவ எங்க போவா? நம்ம புள்ள மேலதான் ஏத்துவா."

அவர் இதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எத்தனையோ வண்டிகளைத் திருப்பத்தில் இழுக்க வைத்துக் கொடுத்த மனுஷன். பயம் வந்தால் தெரிந்த தொழிலும் மறந்துபோகும் போலிருக்கிறது. என் மடியிலிருந்த ஹெட்டை எடுத்தார். விரலை விட்டு அந்த மேட்டைத் தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு தூக்குது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன் கேமு. வால்வை எவ்வளவு தூக்குது?"

கல்யாணமானதிலிருந்து அவர் என்னைக் கேட்காத கேள்வி அது. நாங்கள் தடுப்புக்கு ஒரே பக்கம் இருக்கிறோம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளவைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அவ்வளவா? உனக்கு என்னடி ஆச்சு?"

"நீங்க குகை மாதிரி தொறப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ வழக்கம்போல கஞ்சத்தனமா அரைப்ப, நானும் தொறக்காம வுட்டா வண்டி சும்மா சாதுவா ஓடும்னு நான் நெனச்சேன்."

அவர்தான் முதலில் சிரித்தார். ஊரார் வண்டிக்கெல்லாம் அவர் அவராகவும் நான் நானாகவும் இருந்தோம். சொந்த மகளின் வண்டிக்கு அவர் கஞ்சனாகி, நான் பேராசைக்காரியாகி, இரண்டும் சேர்ந்து அதை ஒரு திக்குவாய் வண்டியாக்கி வைத்திருந்தோம்.

நல்லவேளை, வெட்டியதைத்தான் ஒட்ட முடியாது. வெட்டாததை வெட்டலாம். அவர் கிரைண்டரை ஓடவிட்டார். முதலில் அந்த மேடு போனது. பிறகு உள்வளைவு. நடுநடுவே நிறுத்தி, "எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்? எக்ஸாஸ்ட்டு எப்ப மூடுது?" என்று கேட்டார், நான் சொன்னேன். "இது போதுமா, பாரு" என்று என் விரலைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். "அதுக்கு மேல போனா காத்து சோம்பேறி ஆயிடும்" என்றார். "சரிங்க, விடுங்க" என்றேன். அவருக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாததை அவரும் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தோம். இதையெல்லாம் பேசாமல் இத்தனை காலம் எப்படி இருந்தோம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைகடையாக அலைந்து மத்தியானத்துக்கு மேல் கேஸ்கெட்டோடு வந்த ஆஃப்ரின் எங்கள் இருவரையும் ஒரே பக்கம் பார்த்து வாசலில் நின்றாள். அவள் அப்பா தலையிலும் மீசையிலும் அலுமினியத் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. "டீ வாங்கிட்டு வரேன்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் அதே ரோட்டில் வண்டி போனபோது சத்தமே வேறாக இருந்தது. கீழ் வேகத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பெரிய கேம் வைத்தால் அது இருக்கத்தான் செய்யும். பின்பக்கப் பல் சக்கரத்தைப் பெரிதாக மாற்றி அதையும் சமாளித்தோம். அதற்கு மேலே இழுத்தது பாருங்கள், நான் வாசலில் நின்று கை தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தீர்த்தகிரி தன் பிக்கப்பில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு வளைவும் ஒரு நேர்பாதையுமாகப் போட்டிருந்தார்கள். ஓசூர்ப் பக்கமிருந்தும் சேலத்திலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கொடி விழுந்ததும் புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. இவர் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்னந்தோப்பைப் பார்த்து நின்றார்.

"பாய், ரேஸு இந்தப் பக்கம் நடக்குது" என்றார் தீர்த்தகிரி.

"எனக்குக் கேக்குது" என்றார் இவர்.

உண்மையிலேயே அவருக்குக் கேட்டது. அத்தனை இன்ஜின் சத்தத்தில் எங்கள் வண்டியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "இப்ப திருப்பத்துல இருக்கா. முறுக்கறா. இழுக்குது. நல்லா இழுக்குது" என்று தோப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் நாலாவதாகப் போனவள் பிறகு மூன்றாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில், தோப்புப் பக்கத்து வளைவிலிருந்து ஆஃப்ரினும் ஓசூர்ப் பெண்ணும் ஒன்றாக வெளியே வந்தார்கள். அப்போது இவர் வாயை மூடிக்கொண்டார். மெல்லத் திரும்பினார். நேர்பாதையில் என் மகள் அந்தப் பெண்ணைத் தாண்டுவதை இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

இரண்டாவது இடம். குழுவின் ஆள் வந்து பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு அடுத்த மாதம் கோயம்புத்தூர் வரச் சொன்னார். நான் அழுதேன், மறைக்கவில்லை. இவர் மகளிடம் போகாமல் நேரே வண்டியிடம் போனார். கொதித்துக்கொண்டிருந்த ஹெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "யா அல்லாஹ்!" என்று கையை உதறிக்கொண்டு குதித்தார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து சூடான ஹெட்டைத் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்கிறவர். ஆஃப்ரின் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை அவர் கையில் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் அவர் அவளை அப்படியே கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அவள் பட்டறையைப் பெருக்கினாள். நான் இந்தப் பக்கம் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் வரவில்லை. அவருடைய மேஜைக்கு அடியில் சனிக்கிழமை அரைத்த அலுமினியத் தூள் ஒரு முறம் அளவுக்குக் கிடந்தது.

"போன வாரம் பூரா இங்க ஒரு சிட்டிகைக்கு மேல தூளே இல்ல அம்மி" என்றாள் அவள் பெருக்கிக்கொண்டே.

நான் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன். "அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெனம் கூட்டறது நான்தான. ஒரு ஹெட்டு செஞ்சா எவ்வளவு தூள் விழும்னு எனக்குத் தெரியாதா? ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே தெரியும், அப்பா தொறக்கலன்னு."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா தொறந்துருப்பாரு. நான் கேட்டேன்னு தொறந்துருப்பாரு." தூளை முறத்தில் அள்ளினாள். "அவரா தொறக்கணும்னு இருந்தேன். தொறக்கலன்னா அந்த வண்டியிலயே போயி தோத்துட்டு வந்துருப்பேன். அவருக்கு இஷ்டமில்லாம கோயம்புத்தூர் போயி நான் என்னா பண்ணப்போறேன்?"

அந்தத் திக்குவாய் வண்டியிலேயே ஏறி அவள் போயிருப்பாள் என்பதை நினைத்தால் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் வந்தது. "நீயும் உங்கப்பாவும் ஒரே அச்சு" என்று திட்டினேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். உள்ளங்கையில் மருந்து தடவித் துணி கட்டியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பாப்பாரப்பட்டி வாடிக்கைக்காரர் மாதுவின் வண்டி ஹெட் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தது. தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வஹிதா, மாது வண்டிக்கு எவ்வளவு தூக்கப்போற?"

"உங்களுக்கு எதுக்கு அது?" என்றேன். பழக்கம் விடுமா?

"சொல்லேன்" என்றார்.

சொன்னேன்.